மணியம் அண்ணனிடம் சொல்ல வேண்டியது

...அப்படி ஆரம்பிக்கக் கூடாது, "அண்ணே, ஒங்களப் பத்தி ஒண்ணு எழுதிருக்கேன்" என்று ஆரம்பித்தால் அவர் உடனே சிரித்துவிடுவார், என்னாம்மா கல்யாணப் பத்திரிகையா என்று கேட்பார், அவர் சிரித்துவிட்டால் அதற்கு மேல் பேச முடியாது, சிரிக்கிற முகத்துக்கு முன்னால் விதி, பாதுகாப்பு, பொறுப்பு என்றெல்லாம் எப்படிச் சொல்வது, ஆகவே வேறு மாதிரிதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குணசுந்தரி வேனின் கதவை இழுத்துத் திறந்தாள். வானம் இன்னும் வெளுக்கவில்லை, செம்பனை மரங்களுக்குப் பின்னால் ஜெராய் மலை இருக்கிற இடத்தில் ஒரு கறுப்பு மேடு மட்டும் தெரிந்தது. தோட்டத்தின் கடைசி வரிசையில் கடைசி வீடு அவர்களுடையது, வேனைத் திருப்ப அங்கேதான் இடம் உண்டு, அதனால் தினமும் முதலில் ஏறுகிறவள் அவள்தான், கதவுக்குப் பக்கத்து இருக்கையும் அவளுடையதுதான். "என்னாம்மா, பசியாறலயா, மொகம் ஒரு மாதிரி இருக்கு" என்றார் மணியம் அண்ணன், கண்ணாடி வழியாகப் பார்த்து. பசியாறிட்டண்ணே. பரீச்சையா? இல்லண்ணே... பரீட்சை இல்லை, ஆனால் பள்ளிக்கூட வாசலில் இறங்குவதற்குள் இவரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் பாடமே கணினிக் கூடத்தில், ஜெயந்தினி டீச்சர் கதவருகில் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார், சொல்லிவிட்டேன் என்றால் வகுப்பு வலைப்பூவில் அவள் எழுதிய கட்டுரை வெளியாருக்குத் திறக்கும், இல்லையென்றால் திறக்காது. பொய்யாகச் சொல்லலாமே என்று ஒரு நொடி தோன்றாமல் இல்லை, சீ, அதற்கு இவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கவே வேண்டாம். சொல்லத்தான் போகிறாள், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, எப்போது, எந்த வாக்கியத்தில் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

போன வருஷம் வரைக்கும் குடியியல் என்றால் மஞ்சள் பேனா, அவ்வளவுதான், நன்னெறிப் புத்தகத்தில் பொறுப்புணர்வு என்றால் என்ன என்கிற வரியின் மேல் மஞ்சள் கோடு, நேர்மை என்றால் என்ன என்கிற வரியின் மேல் மஞ்சள் கோடு, பரீட்சையில் அந்த வரியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து நேராகச் சிற்றுண்டிச்சாலை வரிசையில் நடுவில் நுழைந்துகொள்வது. ஜெயந்தினி டீச்சர் இந்த வருஷம்தான் சுங்கை பட்டாணியிலிருந்து மாற்றலாகி வந்தார், யாழ்ப்பாணக் குடும்பம், அவருடைய அப்பாவும் தாத்தாவும் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர்கள், 'பிள்ளை' என்பார், 'ஓம்' என்பார், முதல் வாரம் பையன்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று சாமியார் மாதிரி கண்ணை மூடிக் காட்டினார்கள், டீச்சர் கண்டுகொள்ளவில்லை. புத்தகத்தை மூடச் சொன்னார். ஒரு வலைப்பூ, வகுப்புக்கு மட்டும் தெரிகிற மாதிரி பூட்டியது, அதில் உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள் என்றார், கேள்விப்பட்டது வேண்டாம், நாடு, உலகம், மனித குலம் எதுவும் வேண்டாம், நீங்கள் நடக்கிற ரோட்டில் என்ன நடக்கிறது? யாரும் எழுதவில்லை. அடுத்த வாரம் டீச்சரே முதலில் எழுதினார், பேங்க் வாசலில் இன்னொரு காரை மறித்துத் தன் காரை நிறுத்தியதை, ஐந்து நிமிஷம்தானே என்று நினைத்ததை, உள்ளே மாட்டிக்கொண்ட காரில் யார் இருந்தார் என்பதை. டீச்சருக்கு யார் பின்னூட்டம் போடுவது? சத்தியசீலன்தான் போட்டான், 'சம்மன் கொடுக்க வேண்டியதுதான்' என்று. டீச்சர் அதற்குக் கீழே ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தார், அதைப் பார்த்த பிறகுதான் வகுப்புக்கு வாய் திறந்தது... அதற்கப்புறம் மூடவே இல்லை.

முதல் சிம்பாங், தோட்டத்துச் சாலை பிரிகிற முனை, வந்துவிட்டது. குணசுந்தரி கதவைக் கட்டியிருந்த ராஃபியா நார்க்கயிற்றை அவிழ்த்துக் கதவைத் தள்ளினாள், சின்னப் பிள்ளைகள் குளிர்ந்த காற்றோடு சேர்ந்து உள்ளே கொட்டினார்கள், பவுடர் வாசம், தேங்காயெண்ணெய் வாசம், யாரோ கையில் பாதி தின்ற ரொட்டி. நீ பின்னால, நீ அந்தப் பலகையில, பையக் கழட்டி மடியில வை, பாப்பா நீ அக்கா மேல உக்காரு, அக்கா கடிக்காது... இந்த வேலை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். இரண்டு இருக்கைக்கு நடுவில் ஒரு பலகை போட்டால் இன்னும் மூன்று பேர், குண்டாக இருக்கிறவர்களைச் சன்னல் ஓரம் தள்ள வேண்டும், அழுகிற பிள்ளையைச் சிரிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், கடைசி சிம்பாங்கில் ஏறுகிற ஒன்றாம் ஆண்டு அழகேசன் மட்டும் அவள் மடியில், அவனுடைய தண்ணீர் போத்தல் எப்போதும் அவள் விலாவில் குத்தும். இந்த வேனில் யார் முதலில் ஏறுகிறாரோ அவர்தான் கதவைப் பார்த்துக்கொள்வது, அவளுக்கு முன்னால் அதே வரிசையில் இருந்த ஒரு அக்கா, அந்த அக்கா படித்து முடித்துப் பினாங்குக்கு வேலைக்குப் போன பிறகு அவள். மணியம் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், "ஆச்சாம்மா?" என்பார், அவள் "ஆச்சுண்ணே" என்றால்தான் கியர் மாறும். கதவின் வெளிப்பக்கம் வெள்ளைச் சாயத்தில் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருப்பது கதவு திறந்திருக்கும்போது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாது, மூடின பிறகு யாருக்கும் அதைப் படிக்க நேரமில்லை... இந்த வாக்கியத்தைத்தான் டீச்சர் நல்லாயிருக்கு என்று பின்னூட்டத்தில் எடுத்துப் போட்டிருந்தார். அவளுக்கே அது நன்றாக இருந்ததாகத்தான் பட்டது, இப்போதும் படுகிறது.

இரண்டாவது சிம்பாங்கில் சத்தியசீலனும் ரமணியும் ஏறினார்கள். ரமணி இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம், ஏறியதும் தூங்கிவிடுவாள். சத்தியசீலன் அவளுடைய வகுப்பு, ஏறும்போதே குனிந்து அவள் காதருகில், "குணா, சொல்லிட்டியா?" என்றான். போ பின்னால. "சொல்லாட்டி இன்னிக்கு என் மாடுதான் லா." அவன் மாடு... அவளுடையது திறக்காவிட்டால் அடுத்து நிற்பது, வகுப்பே விழுந்து சிரித்த கட்டுரை அது, பள்ளித் திடலில் தினமும் மேய்ந்து சாணி போட்டுப் போகும் மாடுகளைப் பற்றியது, எழுதியது யாரைப் பற்றியதோ அவர் அதை எழுதியவர் வாயால், அவருக்குப் புரிகிற மொழியில் முதலில் கேட்டாக வேண்டும் என்பது டீச்சரின் விதி, இவன் எழுந்து நின்று, "சம்பந்தப்பட்ட மாட்டுக்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன் டீச்சர், ஆட்சேபம் இல்லன்னு தலையாட்டிருச்சு" என்றான். டீச்சரும் சிரித்தார், சிரித்து முடித்து, மாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். அவன் போய்ச் சொன்னான், அவர் இவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த நாளும் மாட்டை அவிழ்த்துவிட்டார். அதே வகுப்பு வெய் லிங் மட்டும் என்ன, அவளுடைய அப்பா கடைச் சாமான்களை நடைபாதையில் பரப்பி வைத்திருப்பதை எழுதினாள், ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹொக்கியன் சீனத்தில் அவருக்குப் படித்துக் காட்டினாள், அவர் சாப்பிட்டு முடித்து, கீழே போய், எல்லா வாளியையும் உள்ளே எடுத்து வைத்தாராம். ஒரு நாள். மறுநாள் வாளிகள் மறுபடி வெளியே. ஆனால் அந்த ஒரு நாள் சக்கர நாற்காலித் தாத்தா ஒருவர் கடை வாசல் வழியாகப் போனதை வெய் லிங் படம் எடுத்துப் போட்டிருந்தாள், அதைப் பார்த்ததும் குணசுந்தரிக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது, எழுதினால் நடக்கிறது, வாளி நகர்கிறது, மலையை நகர்த்தச் சொல்லவில்லை, ஒரு வாளியை... அன்றைக்குச் சாயங்காலமே அவள் வேனைப் பற்றி எழுத உட்கார்ந்தாள்.

ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் பை விழுந்தது. கோலா கெத்தில் போகிற ரோட்டு வளைவில், கதவின் பூட்டு விட்டுப்போய், கதவு பாதி திறந்து, அழகேசனின் பை அவள் கையிலிருந்து நழுவி வெளியே... பின்னால் லோரி. சத்தம் கேட்டது, பை நசுங்குகிற சத்தம் என்று ஒன்று உண்டா, போத்தல் நசுங்கின சத்தமாக இருக்கும். அவள் ஒரு கையால் அழகேசனின் இடுப்பைப் பிடித்திருந்தாள், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்றால் அவன் வலிக்குதுக்கா என்று அழுதான். மணியம் அண்ணன் வேனை நிறுத்தி, நடந்து போய், பையை எடுத்து, தட்டி, கொண்டுவந்து கொடுத்தார், அன்றிலிருந்து இந்த ராஃபியா கயிறு. யாரும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேனை நிறுத்திவிடுவார்கள் என்று யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே எல்லோருடைய வாயும் மூடிக்கொண்டது, அதைத்தான் அவள் எழுதினாள், விதி உடைகிறது என்பதை விட, உடைவது தெரிந்தும் எல்லோரும் எப்படிச் சேர்ந்து பேசாமல் இருக்கிறோம் என்பதை. பூட்டைச் சரிசெய்தால் போதாது, கதவு திறக்காவிட்டாலும் பிரேக் போட்டால் பலகையில் இருக்கிறவர்கள் எங்கே போய் மோதுவார்கள் என்று படம் வரைந்து காட்டியிருந்தாள். சத்தியசீலன் பின்னூட்டத்தில், 'நீயும் அதே வேனில்தானே வருகிறாய்' என்று கேட்டிருந்தான். வெட்டுகிற மாதிரி பதில் போட்டாள், 'ஆமாம், அதனால்தான் எனக்குத் தெரிகிறது.' எழுதியதை அழிக்கக் கூடாது, தப்பென்றால் கீழே திருத்தம் போட வேண்டும் என்பது வகுப்பு விதி, அவள் எதற்கும் திருத்தம் போட வேண்டி வரவில்லை. எந்தக் கட்டுரையை வெளியாருக்குத் திறப்பது என்று கை தூக்கச் சொன்னபோது வகுப்பில் பாதிக்கு மேல் அவளுக்குத்தான் தூக்கியது, வெய் லிங் இரண்டு கையையும் தூக்கினாள், டீச்சர் ஒன்றைக் கீழே போடச் சொன்னார்.

இல்லை, பயம் இல்லை. இது மொழிச் சிக்கல். மலாயில் அவள் அவரை 'அந்த ஓட்டுநர்' என்றுதான் எழுதியிருந்தாள், பெமாண்டு, கட்டுரை முழுக்க அந்தப் பெமாண்டு கூடுதலாக ஏற்றுகிறார், அந்தப் பெமாண்டு அறிந்தே செய்கிறார், எவ்வளவு சுத்தமாக இருந்தது, கண்ணாடி மாதிரி, உள்ளே யாரும் இல்லாத கண்ணாடி. அதையே நேற்றுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தாள், ஓட்டுநர் என்று வாயில் வரவில்லை, மணியம் அண்ணன் என்றுதான் வந்தது, மணியம் அண்ணன் என்று வந்ததும் கூடவே அவருடைய நெற்றித் திருநீறும், ஹாரனை இரண்டு தரம் தட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பதும், மழை நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறச் சொல்லித் திட்டுவதும் எல்லாம் வந்து நின்றுகொண்டன. அறிந்தே செய்கிறார் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது, தெரிஞ்சே செய்றீங்க... அது சண்டை. குளியலறைக் கதவைத் தட்டி அம்மா, "யார்கிட்டடி பேசுற உள்ள, கையுறை பேக்டரி வேன் வந்துருச்சு, நா வேலைக்குக் கெளம்புறேன், சாவி அலமாரி மேல இருக்கு" என்றாள். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்த ஆளு வராட்டி நீ ஸ்கூலுக்கு எதுல போவ, என்றிருப்பாள், அது வாதமே இல்லை, ஒருவர் நமக்கு உபயோகமானவர் என்பதற்காக அவர் செய்வது சரியாகிவிடுமா... டீச்சரிடம் இதைக் கேட்டபோது டீச்சர், அதையும் எழுது பிள்ளை, என்றார். டீச்சர் எதற்குமே பதில் சொல்ல மாட்டார், அதையும் எழுது என்பார், ஒரு நாள் நெருப்பு பிடித்தாலும் அதையும் எழுது என்பார் போல.

தமிழ்ப்பள்ளி வாசல். கயிறு, கதவு, ஒவ்வொன்றாக இறக்கினாள், தொப்பி, பை, போத்தல், ஒருத்தனுடைய ஒற்றைக் காலுறை எங்கே போனதோ, அழகேசன் இறங்கியதும் மடி லேசாகிவிட்டது, அந்த இடத்தில் ஈரமாகச் சூடு மட்டும் இருந்தது. இனி இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் மட்டும், ஏழெட்டுப் பேர், பலகை காலியாகக் கிடந்தது, சிடாம் கிரி ரோட்டில் வேன் ஏறியதும் வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. இப்போதுதான். இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள், இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் விளக்குச் சந்திப்பு, அப்புறம் நெரிசல், அப்புறம் வாசல். அண்ணே, என்று வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சத்தியசீலன், "குணா, என் மாட்ட அவிழ்க்கட்டுமா?" என்றான். "எந்த மாடுடா?" என்றார் மணியம் அண்ணன். தூங்குகிறாள் என்று நினைத்த ரமணி கண்ணைத் திறக்காமலேயே, "அது அவரு எழுதுன மாடுண்ணே. குணாக்கா ஒங்களப் பத்தி எழுதிருக்கு" என்றாள்.

"என்னயப் பத்தியா? என்னாத்தம்மா?"

ஆரம்ப வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, அவள் தயாரித்து வைத்திருந்த எல்லாமே போய்விட்டன, போனதும் ஒரு விதத்தில் நல்லதாகத்தான் இருந்தது. "வேன்ல பன்னெண்டு பேருதான் ஏத்தலாம்னு போட்டிருக்குண்ணே. அதப்போல ரெண்டு மடங்கு ஏத்துறோம். அன்னிக்கு அழகேசன் பை விழுந்திச்சில்ல, பைக்குப் பதிலா அவன் விழுந்திருந்தான்னா... அதத்தான் எழுதிருக்கேன். இன்னிக்கு அத வெளியாளுங்க படிக்கிற மாதிரி தெறந்து விடப் போறோம். ஒங்ககிட்ட சொல்லாம தெறக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க." அவ்வளவுதான். மலாயில் இரண்டு பக்கம், தமிழில் இவ்வளவுதான் இருந்ததா? கண்ணாடியில் அவருடைய கண்கள் ரோட்டின் மேல் இருந்தன. பின்னால் வந்த லோரிக்கு வழி விட்டு வேகத்தைக் குறைத்தார், லோரி கடந்து போகிற சத்தத்துக்குள் அவள் பதில்களைத் தயார் செய்துகொண்டாள், கோபித்தால் இது, கெஞ்சினால் இது, ஒருவேளை சிரித்தால்...

"எத்தன பேருன்னு போட்ட?"

"இருவத்தி மூணுண்ணே."

"செவ்வாக்கெழமைக்கு அந்தக் கோயில் பக்கத்துப் பிள்ளைங்க ரெண்டும் வரும். அத விட்டுட்ட." சத்தியசீலன் களுக்கென்று சிரித்து, வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். "எழுதுனா சரியா எழுதணும். என் பேரு போட்டிருக்கியா?" இல்லண்ணே, பேரு போடல, வேன் நம்பரும் போடல. "ஏன்? தோட்டத்துக்குள்ள வர்றது இந்த ஒரு வேன்தான். பேரு போடாட்டி மட்டும் யாருக்கும் தெரியாதா? ஒளிஞ்சிகிட்டு எழுதுன மாதிரில்ல இருக்கும், பேரப் போட்ரு." ரோட்டுல வண்டி புடிக்கிற ஜேபிஜே ஆளுங்க படிப்பாங்களா என்று கேட்டார், படிக்கலாம் என்றாள், ம் என்றார், விளக்குச் சந்திப்பில் சிவப்பு விழுந்தது, வேன் நின்றது. அவர் கையைப் பின்னால் நீட்டிக் கழுத்தைத் தடவிக்கொண்டார். "பை விழுந்த அன்னிக்கு எனக்கும் கஞ்சி எறங்கல, பாத்துக்க. நீ எழுதுனது தப்பில்ல." இதுதான், இதுதான், எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது, அவளுக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது, இப்போதே ஓடிப்போய்க் கணினி முன்னால் உட்கார வேண்டும் போல் இருந்தது, டீச்சர், கோபிக்கவே இல்லை டீச்சர், தப்பில்லைன்னு அவரே சொல்லிட்டாரு... "அப்ப நாளையிலேருந்து பன்னெண்டுதான்" என்றார் மணியம் அண்ணன். "நா எல்லா சிம்பாங்லயும் நிறுத்துவேன். கதவு ஒங்கிட்டதான் இருக்கு. பன்னெண்டு ஆனதும் நீ சாத்திரும்மா. ஆச்சுண்ணேன்னு சொன்னீன்னா நா எடுத்துட்டுப் போய்கிட்டே இருப்பேன்."

பச்சை விழுந்தது. குத்திப் பேசுகிறாரா என்று கண்ணாடியைப் பார்த்தாள், அதில் குத்தல் இல்லை, தினமும் பையை மடியில் வைக்கச் சொல்கிற அதே முகம், ஒரு வேலையை அது யாருடையதோ அவரிடம் ஒப்படைக்கிற முகம். ரமணி இப்போது முழுதாக விழித்துவிட்டாள், விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணி முடித்து, "அண்ணே, நாங்க ஏறுற சிம்பாங் மூணாவதா ரெண்டாவதா" என்று கேட்டாள், அவளுக்குத் தெரியாதா என்ன. பள்ளிக்கூட வாசலில் குணசுந்தரி கயிற்றை அவிழ்த்து எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசியாக இறங்கி, கதவை இழுத்து மூடினாள். வரேண்ணே என்றாள். "ம், பாத்துப் போ, ரோட்டப் பாரு" என்றார் அவர், எப்போதும் போல. சத்தியசீலன் கூடவே நடந்தான், என்னா லா சொல்லப் போற டீச்சர்கிட்ட என்றான். "சொல்லிட்டேன்னுதான். சொல்லிட்டேன்ல?" "சொல்லிட்ட, சொல்லிட்ட. என் மாட்டுக்காரன் மாதிரி டீ வாங்கிக் குடுத்துருந்தார்னா நல்லாருந்திருக்கும்" என்றான் அவன், சொல்லிவிட்டு அவனுமே சிரிக்கவில்லை, பையை மாற்றி மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

அவள் ஒன்றும் கலங்கிவிடவில்லை. கட்டுரை சரிதான், அவரே சரியென்று சொன்ன பிறகு இன்னும் சரி, அந்தப் பன்னிரண்டு யார் யார் என்கிற ஒரு பத்தி குறைகிறது, அவ்வளவுதான், கடைசியில் சேர்த்துவிட்டால் போகிறது. கணினிக் கூடத்துக்குப் படியேறும்போதே அந்தப் பத்தியை மலாயில் எழுத ஆரம்பித்தாள். யாரை ஏற்றக் கூடாது என்று பெயர் பெயராகச் சொன்னால் அது பழிவாங்கல், விதி என்றால் பெயர் இல்லாமல் சொல்ல முடிய வேண்டும், டீச்சர் அதைப் பலகையில் எழுதிக் கோடிட்டிருக்கிறார். ஆகவே பெயர் வேண்டாம். முதலில் ஏறுகிறவர்களுக்கே முதலில் இடம், வரிசை என்றால் அதுதானே, சிற்றுண்டிச்சாலையில்கூட அதுதான், யாரும் குறை சொல்ல முடியாது... நன்றாக இருந்தது. கூடத்தின் வாசலில் டீச்சர் நின்றிருந்தார், கையில் சாவிக்கொத்து. "சொல்லியாச்சா பிள்ளை?" "சொல்லிட்டேன் டீச்சர்." "என்ன சொன்னவர்?" "தப்பில்லன்னாரு. பேரப் போடச் சொன்னாரு." டீச்சர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வேறு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ, பிறகு தலையசைத்து உள்ளே விட்டார். அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள், திரையில் கட்டுரை வந்தது, மூலையில் திறப்பதற்கான நீலப் பொத்தான். கீழே புதுப் பத்தியைத் தட்டினாள். முதலில் ஏறுகிறவர்களுக்கு... ஆனால் அப்படியென்றால் கடைசி சிம்பாங்கில் ஏறுகிற சின்னப் பிள்ளைகள், அழகேசனின் தம்பி வேறு அடுத்த வருஷம் வருகிறான். சரி, வேறு மாதிரி. பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் நடந்தோ சைக்கிளிலோ போகட்டும், தூரத்தில் இருக்கிறவர்களுக்கே வேன், இதுவும் நியாயம்தான், படம் போட்டே காட்டலாம். இல்லை, வயது, சின்னவர்கள் முதலில், பெரிய பிள்ளைகள் வேறு வழி தேடிக்கொள்ளட்டும், ஆனால் அவ்வளவு சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது, பெரியவர் ஒருவராவது கதவருகில் இருந்தாக வேண்டும்... மூன்றும் நல்ல விதிகள், வகுப்பில் வாசித்தால் மூன்றுக்கும் கை தூக்குவார்கள், வெய் லிங் இரண்டு கையையும் தூக்குவாள். அவள் மூன்றையும் ஒரு தரம் மேலிருந்து கீழாகப் படித்தாள். முதலாவதில் கதவுக்குப் பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவதிலும் அவள்தான். மூன்றாவதில், மற்ற பெரியவர்களெல்லாம் ரோட்டில் நிற்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே... இது எப்படி வந்தது, அவள் வேண்டுமென்றே எழுதவில்லையே, பெயர்கூடப் போடவில்லையே. "முடிஞ்சுதா பிள்ளை?" என்று டீச்சர் பின்னாலிருந்து கேட்டார். "இன்னும் ஒண்ணு இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அது என்னவென்று தெரியாமல், நான்காவது வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.